ஆற்றுக்குத் திரும்பும் நீர்: கண்டி மாநகரமும் மகாவலி கங்கையும்

நீரைத் தெய்வமெனப் போற்றுதல் நம்மவர் வழிவந்த மரபு. பூசைக்கு வைக்கும் கும்பத்து நீரில் ஏழு நதிகளையும் எழுந்தருளச் செய்கின்றோம். ஆடிப் பெருக்கென்றும், தீர்த்தத் திருவிழாவென்றும், மாசி மகமென்றும் ஆற்றையும் கடலையும் நாடிச் செல்கின்றோம். இந்நாட்டின் பேராற்றுக்கும் மகாவலி கங்கையென்றே பெயர் வழங்குகின்றது. ஆயினும், ஒரு நகரம் தான் குடித்தும் குளித்தும் கழுவியும் விட்ட நீரை அந்த ஆற்றுக்கு எவ்வாறு திருப்பிக் கொடுத்தது என்னும் வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. குளந்தொட்ட மன்னரைப் பாடப் புலவர் பலர் இருந்தனர். சாக்கடை கட்டியவனைப் பாட ஒருவரும் முன்வந்திலர். அவன் செய்ததும் ஓர் அறமே.

லுணுகலையில் வாழும் நமக்குக் கண்டியின் கழிவுநீர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பேராதனையிற் புறப்பட்டு நுவரெலியா, பதுளை, பசறை ஆகிய ஊர்களைத் தொட்டு, நம் லுணுகலையின் ஊடாகப் பிபிலைக்கும் செங்கலடிக்கும் செல்லும் நெடுஞ்சாலை நம்மைக் கண்டியோடு பிணைத்திருக்கின்றது. அதைப் போலவே ஆறும் பிணைத்திருக்கின்றது. ஊமா ஓயா, பதுளை ஓயா, லொக்கல் ஓயா என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மகாவலியைச் சேருபவையே. கண்டியார் விட்ட நீரும் நாம் விட்ட நீரும் ஈற்றில் ஒரே ஆற்றிற் சேர்ந்து, திருக்கோணமலையில் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றன. மேலும், நடுத்தரமான ஒரு மலை நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்க முற்பட்ட கதைக்கு இந்நாட்டில் கண்டியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அக்கதையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். நல்ல நீரை ஊருக்குள் கொண்டுவர எல்லா நகரங்களும் அவசரப்பட்டன. அழுக்கு நீரைத் துப்புரவாக்கி வெளியே விட எவரும் அவசரப்படவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே கழிந்த காலம் கொழும்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு. கண்டிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் அதிகம். அந்த இடைக்காலத்தில் நகரத்தின் அழுக்கைச் சுமந்தவர்கள் இருவர். ஒருவர் பேசாத ஆறு. மற்றவர், பேசினாலும் கேட்பாரற்றிருந்த நம் மக்கள்.

கழிவைச் சுத்தப்படுத்தும் எண்ணம் நமக்குப் புதியதென்று கருதவேண்டாம். அநுராதபுரத்தின் மேற்குப் புறத்துத் துறவிமடங்களில் வேலைப்பாடமைந்த சிறுநீர்க் கற்களை இன்றுங் காணலாம். அவற்றின் கீழே கரியும் மணலும் இட்ட பானைகளை அடுக்கி, நீர் வடிந்து நிலத்திற் சேரும்படி செய்திருந்தனர் என்பர். ஆடம்பரத்தை வெறுத்த துறவிகள் அரண்மனைச் சித்திரங்களைச் சிறுநீர்க் கல்லிலே செதுக்கி வைத்தார்கள் என்று சொல்லி நகைப்பாரும் உளர். அது நிற்க. சிலர் வாழ்ந்த மடத்துக்கு அது போதும். பல்லாயிரவர் நெருங்கி வாழும் நகரத்துக்குப் போதாது.

நகரத்தின் துன்பத்தை முதலில் முழுமையாக அனுபவித்தவர் இலண்டன் மாநகரத்தார். தேம்ஸ் நதியிலேயே கழிவை விட்டு, அந்நதி நீரையே குடித்து, வாந்திபேதிக்கு ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1854 ஆம் ஆண்டில் ஜோன் சினோ என்னும் வைத்தியர், நோய் காற்றில் வருவதன்று, நீரில் வருவதே எனத் தெருக்குழாய் ஒன்றைச் சுட்டிக்காட்டி நிறுவினார். அவர் பேச்சைப் பலர் நம்பவில்லை. 1858 இல் கோடை முற்றி, ஆற்றின் நாற்றம் பாராளுமன்ற மண்டபத்துக்குள்ளேயே புகுந்தபோதுதான் சட்டம் விரைந்து பிறந்தது. ஏழையின் மூக்கு ஆண்டாண்டாக அறிந்ததை ஆளுவோரின் மூக்கு அறிந்த பின்னரே பணம் ஒதுக்கப்படும் என்பது அன்றுதொட்டு உள்ள வழக்கம் போலும்!

யோசேப் பசல்கெற் என்ற பொறியியலாளர் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். ஆனால் அவை அழுக்கைச் சுத்தம் செய்யவில்லை; நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் அதே ஆற்றில் விட்டன. 1878 செப்டெம்பரில் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற உல்லாசப் படகு அந்த வாய்க்கால்கள் திறக்கும் இடத்துக்கு அருகே மூழ்க, அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் விழுந்தது ஆற்று நீரிலா, சாக்கடை நீரிலா என்று நாடே கேட்டது. தள்ளிவிடுதல் வேறு, தூய்மை செய்தல் வேறு என்னும் பாடம் அதன் பின்னரே உறைத்தது.

1898 இல் பிரித்தானிய அரசு அமைத்த அரச ஆணைக்குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1912 இல் ஓர் அளவுகோலை வகுத்தது. ஆற்றில் விடும் கழிவுநீரின் ஓர் இலீற்றரில் மிதக்கும் திண்மம் 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அந்நீர் ஐந்து நாளில் விழுங்கும் பிராணவாயு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதைச் சேர்த்துக்கொள்ளும் ஆற்றில் அதைப்போல் எட்டு மடங்கு நல்ல நீரேனும் ஓடவேண்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொன்னது பணத்தைப் பற்றியதே எனினும், அழுக்குக்கும் அது நன்றாகவே பொருந்துகின்றது. ஐந்து நாளென்ற கணக்கு ஏனெனில், இங்கிலாந்தின் ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்பதால் என்று ஒரு கதை கூறுவார்கள். 335 கிலோமீற்றர் நீளமும் வழிநெடுக அணைகளும் கொண்ட மகாவலிக்கு அக்கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கேள்வி. இலங்கை தனக்கென எழுதிய அளவுகோல் 1990 இல் வந்தது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் அமைந்த அவ்விதி, பிராணவாயுக் கணக்கில் 30 ஐயும் திண்மக் கணக்கில் 50 ஐயும் எல்லையாக வைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு நகருக்கு லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் நீர் வந்தது 1886 இல். நீர் வந்தால் அது போகவும் வேண்டுமன்றோ? போக வழியின்றித் தெருவும் வாய்க்காலும் நாறின. 1906 ஆம் ஆண்டளவில்தான் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்படலாயின. அவையும் அழுக்கைக் களனி கங்கையிலும் கடலிலும் கொண்டு விட்டவையே. 1980களில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீண்ட குழாய்கள் போடப்பட்டன. கொழும்புக்குக் கடல் இருந்தது. பெரிய வயிறுடைய கடல். மலைநாட்டு நகரத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் கழிவு செல்லும் இடமெல்லாம் இன்னொருவர் குடிக்கும் இடம்.

கண்டியைப் பாருங்கள். இன்று அழகின் உறைவிடமாக விளங்கும் கண்டி வாவி இயற்கையானதன்று. கடைசி மன்னனான சிறீ விக்கிரம இராசசிங்கன் வயல் நிலத்துக்குக் குறுக்கே அணையிட்டு 1812 அளவில் முடித்த குளம் அது. அக்குளம் நிரம்பி வழியும் நீர், மெத எல என்னும் கால்வாயாக நகரின் நடுவே ஓடி, கெட்டம்பேயில் மகாவலியிற் கலக்கின்றது. 1865 இல் கண்டிக்கு மாநகர சபை வந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வாவிக்கு மேலேயுள்ள துனுமடலாவைக் காட்டில் நீர்த்தேக்கங் கட்டிக் குழாய் நீரும் கொண்டுவந்தனர். கடைகள் பெருகின, விடுதிகள் பெருகின, வைத்தியசாலையும் பாடசாலைகளும் பெருகின. வெளியேறும் நீருக்கு மாத்திரம் மெத எலவே கதியாயிற்று.

குழாயில் ஓடாத அழுக்கு ஒன்று உண்டு. அது மனிதர் கையால் ஓடியது. வாளிக் கக்கூசு என்பதை இன்றைய இளைஞர் கண்டிருக்கமாட்டார்கள்; முதியோர்க்கு நினைவிருக்கும். வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு கதவு. கதவின் பின்னே ஒரு வாளி. விடியுமுன் ஒருவர் வந்து அதை எடுத்துச் சென்று வெறுமையாக்கி வைப்பார். அவ்வேலைக்கென்றே தமிழகத்திலிருந்து மக்கள் வருவிக்கப்பட்டனர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தமிழும் தெலுங்கும் பேசினோர். கண்டியில் மகியாவையில் அவர்களுக்கெனக் குடியிருப்பு ஏற்பட்டது. அங்கும் சிறிய அறைகள், நெருக்கமான வரிசைகள். நகரைத் தூய்மையாக்கியவரின் வாசலில் தூய்மைக்கு வழியில்லை. அவர் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு சென்ற கனவான்களுள் நம் சமயத்தவரும் இருந்தனர் என்பதை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று. கோயில் வாசலில் அவரை நிறுத்தியவர்களும் வேற்றுச் சமயத்தாரல்லர். ஒரு நகரத்தில் கழிவுநீர்க் குழாய் போடுவது நீரைப் பற்றிய காரியம் மட்டுமன்று. ஒரு மனிதனின் தலையிலிருந்து வாளியை இறக்குவதும் அதில் அடங்கும்.

நகரத்துக்கு வாளியேனும் இருந்தது. தோட்டத்துக்கு அதுவும் இல்லை. கோப்பிக் காலத்திலும், 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னரும், நம் முன்னோர் வாழ்ந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்துக் காம்பராவில். குடிநீர் மலையூற்றிலிருந்து பீலியாக வந்தது. கழிவுக்குத் தேயிலைச் செடியின் மறைவும் ஓடைக்கரையுமே இடம். சரிவில் அடுக்கடுக்காக லயங்கள் இருந்தமையால், மேல் லயத்தார் ஒதுங்கிய இடத்தைக் கழுவிய மழைநீர் கீழ் லயத்தார் பீலிக்கு இறங்கி வந்தது. வாந்திபேதியும் வயிற்றுளைவும் வந்தபோது மாரியம்மனை வேண்டினர். வேண்டியது பிழையன்று, ஆனால் பீலிக்கு மேலே என்ன இருக்கின்றதென்று பார்க்கவேண்டிய அதிகாரம் படைத்தவர் வேறு ஒருவராக இருந்தார்.

அந்த அதிகாரத்தை அசைத்தது ஒரு புழு என்றால் வியப்பாயிருக்கும். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகின்றது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகுந்து, குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. மலைநாட்டுக்குச் செருப்பின்றி வந்த கூலிக்கு அதைவிடப் பொருத்தமான நோய் உண்டோ? இரத்தம் வற்றி, முகம் வெளுத்து, கொழுந்துக் கூடையைத் தூக்கமாட்டாமல் தளர்ந்தவரைச் சோம்பேறி என்று ஏசினார்கள். 1912 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கும் நோய்த் தடுப்புக்குமெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். பரிசோதித்துப் பார்த்தால், தொழிலாளர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அப்புழு இருந்தது!

மருந்து கொடுத்தனர். குமட்டலெடுக்கும் எண்ணெய் மருந்து. புழு விழுந்தது. சில மாதஞ் சென்று மீண்டும் சோதித்தால் மீண்டும் புழு. மண் அப்படியே இருந்தது அல்லவா! மலசலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே என்று அவ்வைத்தியர்கள் வற்புறுத்தினர். தோட்ட முதலாளிமார் மருந்துச் செலவுக்கு இணங்கிய அளவுக்குக் கட்டடச் செலவுக்கு இணங்கவில்லை. மருந்து கூலியை வேலைக்குத் திருப்பி அனுப்பியது. கக்கூசு அவனுக்கு ஒரு வசதியைத் தந்தது. இவ்விரண்டையும் அவர்கள் ஒரே தராசில் வைக்கவில்லை. எனினும் மெல்ல மெல்ல மலசலகூட வரிசைகள் லயங்களின் அருகே எழுந்தன. குடும்பத்துக்கு ஒன்றென்றில்லாமல் பல குடும்பங்களுக்குச் சேர்த்துக் கட்டியவை அவை. எல்லார்க்கும் உரியதை எவருங் கழுவுவதில்லை. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து சென்ற கதைகளை நம் தாய்மாரிடம் கேட்டறியலாம். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் போன்றவற்றின் வாயிலாக வீட்டுக்கு வீடு மலசலகூடம் என்னும் முயற்சி பரவலாயிற்று.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு; அதனைப் பலரும் கவனிப்பதில்லை. குழி வெட்டிக் கூடம் கட்டினால் மனிதன் மலத்திலிருந்து பிரிகின்றான், நீர் பிரிகின்றதா? தட்டையான, நீர்மட்டம் ஆழத்திலுள்ள நிலத்தில் குழியின் கசிவை மண்ணே வடிகட்டிவிடும். மலைச்சரிவிலோ, மேலே வெட்டிய குழி கீழே ஊற்றுக்கண்ணாகத் திறக்கலாம். 1895 இல் இங்கிலாந்தில் எக்செற்றர் நகரத்து டொனால்ட் கமெரன் மூடிய தொட்டியில் கழிவை ஊறவைத்து, காற்றில்லாமல் வாழும் கிருமிகளைக் கொண்டு அதைக் கரைக்கலாம் என்று காட்டினார். இன்று நம் வீடுகளின் பின்னால் உள்ள மலத்தொட்டி அதன் வழித்தோன்றலே. அத்தொட்டியின் அடியிலே சேறு தங்கும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் இன்னும் அழுக்கானதே. அடி கட்டாமல் வெட்டிய வெறுங்குழியை மலத்தொட்டியென்று எண்ணி நிம்மதியாயிருப்போர் எத்தனை பேர்! நம் நாட்டில் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த வீடுகள் நூற்றுக்கு இரண்டு மூன்றே. மற்றைய அனைத்தும் இத்தகைய தொட்டியையோ குழியையோ நம்பியிருப்பவை.

கண்டியும் அவ்வாறே நம்பியிருந்தது. வாளிகள் மறைந்தன, மலத்தொட்டிகள் வந்தன. நெருங்கிய நகரத்தில் தொட்டிக்கு இடமேது? பலவற்றின் வழிநீர் வாய்க்காலுக்கும், வாய்க்கால் மெத எலவுக்கும் வழிகண்டது. சமையலறைக் கழிவும் விடுதிக் கழிவும் நேரே சென்றன. 1999 இல் கண்டி வாவியின் நீர் பாசி படர்ந்து பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் மாறியது. நச்சைச் சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியினம் அது. வாவிக்கரையில் உலாவ வருவோரும் மூக்கைப் பொத்தவேண்டியதாயிற்று. இலண்டனில் 1858 இல் நடந்ததன் சிறு பதிப்பென்று இதனைச் சொல்லலாம்.

கெட்டம்பேயைப் பற்றி இங்கே சற்று நின்று கூறவேண்டும். கண்டிப் பெரகரா முடிவெய்தும் நாளில், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் கப்புறாளைமார் கெட்டம்பேத் துறைக்குச் சென்று, ஆற்றின் நடுவில் வாளால் நீரை வெட்டி, சென்ற ஆண்டு எடுத்து வைத்த நீரை விட்டுவிட்டுப் புதுநீரைக் குடத்தில் முகந்து வருவர். நம் திருமாலும் முருகனும் கண்ணகியும் சம்பந்தப்பட்ட நீர்வெட்டு அது. நம் தீர்த்தோற்சவத்தின் உடன்பிறப்பு. மெத எல மகாவலியிற் கலப்பதும் அதே கெட்டம்பேயில்தான். நகரசபை குடிநீருக்காக ஆற்றிலிருந்து நீர் எடுத்துச் சுத்தஞ் செய்யும் நிலையமும் அங்கேயே இருக்கின்றது. அதற்குக் கீழே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில், பெருங்கண்டிப் பிரதேசத்துக்கு நீர் வழங்கும் பெரிய நிலையமொன்றும் மகாவலியிலிருந்தே நீரை எடுக்கின்றது. அதாவது கண்டி மேலே விட்டதைக் கண்டியே கீழே எடுத்துக் குடிக்கின்றது. சுத்திகரித்தே குடிக்கின்றது என்பது உண்மை. ஆயினும், நீர் எவ்வளவு அழுக்காய் வருகின்றதோ அவ்வளவுக்கு மருந்தும் செலவும் ஏறும். ஒருநாள் தவறினால் ஊர் முழுதும் படுக்கும். கண்டிக்கு மேலே கம்பளைப் பகுதியில் 2007 இல் செங்கண்மாரி பெருமளவிற் பரவியதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அது அசுத்த நீரால் பரவும் வகை.

2010 ஆம் ஆண்டில் யப்பான் நாட்டின் சர்வதேசக் கூட்டுறவு முகவரகம் ஏறத்தாழ 1,400 கோடி யென் கடனாக வழங்க ஒப்புக்கொண்டது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை பொறுப்பேற்றது. நகரின் வீதிகளின் கீழே குழாய்கள் பதித்து, கழிவுநீரைத் திரட்டி, ஆற்றின் அருகே கன்னொறுவையில் அமைத்த நிலையத்துக்குக் கொண்டுசெல்வது திட்டம். 1638 இல் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயப் படையை முறியடித்த அதே கன்னொறுவை! ஒடுங்கிய தெருவும், ஓயாத வாகனமும், எந்நேரமும் யாத்திரிகரும் நிறைந்த பழைய நகரத்தில் பள்ளம் தோண்டுவது அப்போரினும் கடினமாயிருந்தது என்று வேலைசெய்தோர் கூறினால் மறுப்பதற்கில்லை. குழாயை வீதியில் போடுவதோடு வேலை முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கடைக்காரரும் தம் வாசலைத் தோண்ட இணங்கி இணைப்புப் பெறவேண்டும். நிலையத்தைக் கட்டுவது பொறியியல்; இணைப்புக்கு இணங்கச் செய்வது நகரசபையின் பொறுமை. குறைந்த வருமானமுள்ளோரின் குடியிருப்புகளுக்கு மலசலகூட வசதி செய்வதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. மகியாவை வரலாற்றை அறிந்தவர்க்கு இது சிறிய செய்தியன்று.

கன்னொறுவை நிலையம் நாளொன்றுக்கு 14,000 கனமீற்றர், அதாவது ஒரு கோடியே நாற்பது இலட்சம் இலீற்றர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவுக்கு அமைக்கப்பட்டது. அதில் நடப்பது மாயமன்று. வரும் நீரிலிருந்து துணி, பிளாஸ்ரிக், மணல் முதலியன முதலிற் பிரிக்கப்படும். பின்னர் நீண்ட வட்டமான வாய்க்காலில் நீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, காற்றைக் கலந்துகொண்டே இருப்பார்கள். அங்கே கோடானு கோடி நுண்ணுயிர்கள் அழுக்கையே உணவாகக் கொண்டு பெருகும். 1914 இல் மான்செஸ்ரர் நகரத்தில் ஆடனும் லொக்கற்றும் இவ்வித நுண்ணுயிர்ச் சேற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று கண்டனர். 1950களில் ஒல்லாந்து நாட்டில் பாஸ்வீர் என்பவர் அதைச் சிறு ஊர்களும் தாங்கக்கூடிய செலவில் வட்ட வாய்க்காலாக்கினார். உண்டு கொழுத்த சேறு அடுத்த தொட்டியில் அடியிற் படிய, தெளிந்த நீர் மேலே வரும். அதிலுள்ள கிருமியைக் கொன்று ஆற்றில் விடுவர். ஓர் ஓடையில் பாறைமேல் மோதிக் காற்றைக் கலந்து, பாசியும் கிருமியும் தின்று நீர் தானே தெளியுமல்லவா? அந்த ஓடை பல மைல் ஓடிச் செய்யும் வேலையை ஒரு நாளில், ஒரு வளவுக்குள் செய்விப்பதே இத்தொழில். மின்சாரம் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் நுண்ணுயிர் மடியும். ஆகவே கட்டி முடித்ததோடு விழா எடுத்துவிட்டுப் போகக்கூடிய வேலையன்று இது.

கன்னொறுவையிலிருந்து ஆற்றோடு கீழே செல்வோம். 1976 இல் முடிவுற்ற பொல்கொல்லை அணை மகாவலியின் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பியது. அந்நீர் அம்பன் கங்கையிற் சேர்ந்து வடமத்திய மாகாணத்துக் குளங்களை நிரப்புகின்றது. கண்டியின் நீர், கண்டியைக் காணாத உழவனின் வயலுக்கும் செல்கின்றது. எஞ்சியது விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தெம்பை அணைகளைத் தாண்டுகின்றது. ரந்தெம்பையில் நம் ஊவாவின் ஊமா ஓயா வந்து சேர்கின்றது. மினிப்பேக்குக் கீழே பதுளை ஓயா.

பதுளை ஓயா பதுளை நகரை ஒட்டி ஓடி, நகரைக் கடந்த சிறிது தூரத்தில் 64 மீற்றர் உயரத்திலிருந்து துன்ஹிந்தையாக விழுகின்றது. புகைபோல எழும் அந்தத் தூவானத்தை நாடெங்குமிருந்து வந்து பார்த்து மகிழ்கின்றனர். நகரம் மேலே, அருவி கீழே என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஊமா ஓயாவின் கதை இன்னும் புதியது. 2024 ஏப்ரிலில் திறந்துவைக்கப்பட்ட ஊமா ஓயாத் திட்டம், புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணை கட்டி, மகாவலிக்குச் சென்ற நீரின் ஒரு பகுதியை மலையடியிலே தெற்கு நோக்கித் திருப்பி, 120 மெகாவாற்று மின்சாரத்தையும் தந்து, வெல்லவாயப் பக்கத்துக்கு இறக்குகின்றது. அச்சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்த துயரம் தனியே எழுதப்படவேண்டியது. இங்கே கூறவேண்டியது ஒன்று: வெலிமடையின் காய்கறித் தோட்டமும் கடைத்தெருவும் ஓடையில் விட்ட நீர் முன்னர் கிழக்கே மட்டும் சென்றது, இப்போது தெற்கேயும் செல்கின்றது. மனிதன் ஆற்றின் பாதையை மாற்றும்போது தன் அழுக்கின் பாதையையும் மாற்றுகின்றான்.

ஊவாவில் ஒரு முன்மாதிரி இல்லாமலில்லை. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் மாணிக்க கங்கையில் நீராட வரும் கதிர்காமத்துக்குக் கழிவுநீர்த் திட்டமொன்றை நீர்வழங்கல் சபை ஏற்கனவே அமைத்து நடத்துகின்றது. மொனராகலை மாவட்டத்தின் ஒரு மூலையில் உள்ள திருத்தலத்துக்கு அது இயலுமாயின் ஏனைய ஊர்களுக்கு இயலாதென்று எவர் கூறவல்லார்? சிறிய ஊருக்குக் கன்னொறுவைபோன்ற நிலையம் வேண்டியதில்லை. அடியும் சுவரும் கட்டிய தொட்டி, ஊற்றுக்கண்ணுக்கு மேலே குழி வெட்டாத ஒழுங்கு, தொட்டி நிரம்பும்போது சேற்றை எடுத்துச் செல்லும் பவுசர், அந்த பவுசர் கொட்டுவதற்கு ஓடையல்லாத ஓர் இடம்: இவை போதும். கடைசியாகச் சொன்னதுதான் எங்கும் கடினமாயிருக்கின்றது. பவுசர் வருவதை எல்லாரும் காண்கின்றனர். அது போகும் இடத்தைப் பிரதேச சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டவர் மிகச் சிலரே.

லுணுகலை மலைகள் நீர்பிரி மேடுகள். ஹொப்டன், அடாவத்தைத் தோட்டங்களைச் சூழ்ந்த சரிவுகளில் பெய்யும் மழையில் ஒரு பக்கத்தது மகாவலியை நாடுகின்றது. மற்றப் பக்கத்தது கிழக்குக் கடலை நாடும் ஆறுகளைத் தேடுகின்றது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, அம்பாறை மாவட்டத்து வயல்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் பிரிந்து, கல்முனைக்குத் தெற்கே கடலிற் சேர்கின்றது. அங்கே ஒருவர் குழாயைத் திறந்து செம்பில் நீர் பிடிக்கும்போது அதற்கு மேலே இருப்பவர்கள் நாம்.